லாமர் மாமாவின் வெளிச்சுவர் ஸ்பீக்கர்

என் மாமா லாமர் பான்ட்ரேகர் இதுவரை எத்தனை டி.வி.களைச் சுவரில் மாட்டியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. எல்லாம் அடுத்தவர்களுடைய சுவர்கள். வடக்கு இந்தியானாவில் எங்கள் ஊரைச் சுற்றி வீட்டுவண்டி கட்டும் தொழிற்சாலைகள்தான் பிழைப்பு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் உள்ளே அடக்கிக்கொண்டு சக்கரத்தின் மேல் நிற்கிற வீடு அது. மாமா பதினெட்டு வயதில் அந்த வேலைக்குப் போனவர். டி.வி., ஸ்பீக்கர், கூரைமேல் ஆன்டெனா, கண்ணாடிக்குப் பின்னால் பல்பு எரிந்து நெருப்பு மாதிரி ஆடும் கணப்பு, இவற்றைப் பொருத்துவதுதான் கடைசிவரை அவருடைய பகுதி.

அவர் வளர்ந்த வீட்டில் டி.வி. கிடையாது. தாத்தா மெனோனைட் என்ற கட்டுப்பாடான கிறிஸ்தவ சபையின் பழைய பிடிவாதம் உள்ளவர். தொழிற்சாலையில் முதல் நாள் ஒரு டி.வி. பெட்டியைத் தூக்கிக் கையில் கொடுத்தபோது, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று கேட்டாராம். அதைச் சொல்லி அவரது கூட்டாளி டுவைட் இன்றைக்கும் சிரிப்பான்.

எங்கள் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம் இல்லை, கட்டி முடிக்கும் வண்டிக்குத்தான் கூலி. ஆகவே யாரும் நடக்க மாட்டார்கள், ஓடுவார்கள். சேவல் கூவுமுன் உள்ளே போய், ஊர் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மாமா வரும் நேரத்துக்கு வில்மா அத்தை கிளம்பிவிடுவாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு மதியத்திலிருந்து இரவுவரை வேலை. மாமாவுக்கான சாப்பாடு அடுப்புக்குள் மூடிவைத்த தட்டில் இருக்கும். அத்தை திரும்பும்போது மாமா தூங்கியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். அங்கிருந்து அத்தை நேரே வேலைக்குப் போய்விடுவாள். ஒரு நாள்கூடச் சண்டை போடாத ஜோடி என்று ஊரே சொல்லும்.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பல வருடம் நாடு நாடாக அலைந்தபோது, யாராவது உன் ஊரில் நல்ல கல்யாணம் என்று ஒன்றாவது உண்டா என்று கேட்டால் இவர்களைத்தான் சொல்வேன். இந்த வசந்தத்தில் திரும்பி வந்தபோது மாடி அறையை எனக்குக் கொடுத்தார்கள். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்கவில்லை.

நான் வந்த நேரம், மாமா ஓய்வுபெறும் நேரம்; ஜூலை விடுமுறை தொடங்கும்போது அவருக்கு வேலை முடிகிறது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வுபெறும் ஆள் தனக்கென்று ஒரு வண்டி சொன்னால், அவரோடு ஓடி உழைத்த ஆட்களே அதைக் கட்டுவார்கள். பலகை அடித்து மூடுவதற்குமுன், சுவரின் உள்பக்கத்தில் எல்லோரும் பெயர் எழுதுவார்கள். வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது, வண்டி உள்ளவரை அது உள்ளே இருக்கும். மாமாவுக்காகவும் கட்டும் வரிசையில் ஓர் இடம் ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஜூலை விடுமுறை வாரம் முடிந்து தொழிற்சாலை திறக்கும் திங்கட்கிழமை மதியத்துக்குள் என்னென்ன வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். தவறினால் அந்த இடம் போய்விடும். அதற்கப்புறம் அந்த மாதிரி வண்டி கட்டுவதையே நிறுத்தப்போகிறார்கள்.

வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே வாழ்வது, குளிர்காலத்தில் அரிசோனா, கோடையில் மலைப்பக்கம். இதுதான் திட்டம். வீட்டை வாங்க ஆள் பேசியாகிவிட்டது. அத்தை வேலையை விட்டுவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று, மாமா ஆசைப்பட்ட அந்தக் கூடுதல் சாமான்கள். வண்டியோடு வருகிறவை போக, கேட்டால் மட்டும் வைத்துத் தருகிறவை.

சமையலறை மேசையில் இதே பேச்சுத்தான்.

"வெளிச்சுவத்துல ஒரு டி.வி. இருந்தா மரத்தடியில உக்காந்து பாக்கலாம் வில்மா."

"மரத்தடியில உக்காந்தா மரத்தப் பாக்க வேண்டியதுதானே?"

"டுவைட் வச்சிருக்கான்."

"டுவைட் அவன் பொண்டாட்டியோட பேசுறதில்ல. அதனால வச்சிருக்கான்."

"சரி, கணப்பு?"

"பல்ப நெருப்புன்னு சொல்லி உக்காந்து வெறிச்சுப் பாக்கணுமா? போய்யா."

"அதுல சூடு வரும்மா, நெசமாவே."

"எனக்கு இங்கயே சூடாத்தான் இருக்கு."

மாமா என் பக்கம் திரும்புவார். "நீ உலகம் சுத்துனவ. நீயே சொல்லு. வழியில டி.வி. இல்லாம முடியுமா?"

"மாமா, நான் தங்குன எடத்துல பாதிக்குக் கரண்டே கெடையாது," என்றேன்.

"கேட்டுக்க," என்றாள் அத்தை.

"பக்கத்துல இருக்கற ஆளோட பேசிப் பேசியே பொழுது போயிடும்," என்று நான் சேர்த்துச் சொன்னேன்.

மாமா காப்பிக் கோப்பையை எடுத்தார், அது காலியாக இருந்தது. அத்தை எழுந்து ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போல என்று நினைத்து நான் மாடிக்குப் போய்விட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், எதுவுமே முடிவாகவில்லை. ஒரு நாள் "சரி, உள்ள ஒரு டி.வி. மட்டும்" என்பாள். மறுநாள் "அது எதுக்கு, யோசிக்கணும்" என்பாள். "நேத்து சரின்னியே?" என்றால், "நேத்து நேத்துதான்" என்பாள். கூரை ஆன்டெனா மட்டும் பேச்சிலேயே நாலைந்து முறை கூரையில் ஏறி இறங்கிவிட்டது. அத்தைக்குக் கை கொஞ்சம் இறுக்கம் என்றுதான் நான் நினைத்தேன். மாமாவும் அதையே நினைத்தார்.

கடைசியில் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டி விற்கும் கடைக்காரர் ஒருவர் அவருக்கு நன்றிக்கடன் பட்டவர், பல வண்டிகளின் கோளாறை மாமா சும்மாவே போய்ச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். அவரிடம் எல்லா வசதியும் உள்ள ஒரு வண்டியை விடுமுறை வாரத்தின் கடைசி நாட்களுக்கு இரவல் வாங்கினார். "இருந்து பாப்போம். எது வேணும், எது வேணாம்னு அப்பத் தெரியும்," என்றார். விடுமுறையில் தொழிற்சாலை ஆட்கள் எல்லோரும் ஏரிக்கரை முகாமில்தான் கூடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்களும் போனோம்.

வண்டியை நிறுத்தி, மின்சாரம் இணைத்த உடனே மாமா செய்த முதல் காரியம் சோதனை. தொழிற்சாலையில் செய்வதைப் போலவே செய்தார். சுவரில் இருக்கும் ரேடியோப் பெட்டியில் கூடத்துக்கு ஒரு பொத்தான், படுக்கையறைக்கு ஒன்று, வெளிச்சுவருக்கு ஒன்று. மூன்றையும் அமுக்கினார். அவருடைய போன் மடக்குகிற பழைய போன், ஆகவே சமையல் மேடைமேல் கிடந்த அத்தையின் போனை எடுத்துப் புளூடூத்தில் இணைத்தார். வானிலை அறிக்கையைச் சத்தமாக வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தலையசைத்தார்.

"எல்லாம் கணீர்னு இருக்கு," என்றார் திருப்தியாக. போனில் வானிலையை நிறுத்தினார். பொத்தான்களைத் தொடவில்லை.

தொட்டுப் பழக்கமே இல்லை. தொழிற்சாலையில் சோதனை முடிந்ததும் அடுத்த ஆள் வந்து வண்டியின் மொத்த மின்சாரத்தையும் துண்டித்துவிடுவான். எதையும் தனித்தனியாக அணைக்க வேண்டிய தேவை அங்கே யாருக்கும் வந்ததில்லை. ஆயிரக்கணக்கான ஸ்பீக்கர்களைப் போட்டுப் பார்த்த மனிதர் ஒன்றைக்கூட அணைத்ததில்லை.

நடந்தது சனிக்கிழமை பிற்பகல். மாமா வண்டிக்கு வெளியே நிழலில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் மடக்கு நாற்காலிகளில் அவருடைய ஆட்கள். டுவைட் இருந்தான். தச்சுப் பகுதி ஆர்லியும் இருந்தார். ஆர்லி ஆமிஷ் சபையைச் சேர்ந்தவர், தாடியும் வைக்கோல் தொப்பியுமாகக் குதிரைவண்டியில் வருகிறவர். அவர் வீட்டில் மின்சாரமே இல்லை, ஆனால் டி.வி. மாட்டும் பலகையை அவரைப்போல் யாரும் அடிக்க முடியாது. அத்தை குளிர்சாதனத்தைப் போட்டு, சன்னல்களை மூடிக்கொண்டு உள்ளே உருளைக்கிழங்கு சாலட் செய்துகொண்டிருந்தாள்.

திடீரென்று வண்டியின் வெளிச்சுவரில் மணி அடித்தது.

"லாமர், உன் செவுரு கூப்புடுது பாரு," என்றான் டுவைட். எல்லோரும் சிரித்தார்கள்.

மணி நின்றது. "வில்மா? நான்தான்டி," என்று சுவர் பேசியது. அத்தையின் தங்கை ஜோலீனின் குரல். அவளுக்கு இயல்பிலேயே பெரிய தொண்டை.

போன் பேசுகிறவள் உள்ளே இருக்க, எதிர்முனைக் குரல் மட்டும் ஸ்பீக்கர்களில் வந்தது. உள்ளேயும் அது கூரையிலிருந்து கேட்டிருக்கும். கை ஈரமாக இருக்கும்போது இது எவ்வளவு வசதி என்று அத்தை சந்தோஷப்பட்டிருப்பாள். வெளியே கேட்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"எப்புடி என் ஸ்பீக்கரு?" என்று மாமா இடுக்கியை ஆட்டிப் பெருமையடித்துக்கொண்டார். "ஜோலீன் பக்கத்துல நின்னு கத்துற மாதிரியே இல்ல? இருங்க, அணைச்சுட்டு வர்றேன்."

அவர் ஒரு காலை எடுத்து வைத்திருப்பார்.

"இன்னும் சொல்லலையா?" என்றது சுவர். "அடிப்பாவி. அப்ப நீ வேலைய விடவே இல்லையா?"

மாமா அப்படியே நின்றார்.

"ஒரு வாரம் லீவா? வெறும் லீவா? லாமர் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரே... திங்கக்கிழம ஷிப்டுக்குப் போறியா? என்னன்னு சொல்லிட்டுப் போவ?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. சாசேஜிலிருந்து கொழுப்பு சொட்டி நெருப்பு ஒருமுறை எழுந்து அடங்கியது.

"ஓ," என்றாள் ஜோலீன். "ஓ. அதுக்குத்தான் டி.வி. வேணாம், ஸ்பீக்கர் வேணாம்னு தெனமும் இழுத்துக்கிட்டே இருந்தியா? திங்கக்கிழம தாண்டிட்டா எடம் போயிடும்னு... வில்மா, நீ சிக்கனம் பாக்குறேன்னுல்ல நாங்க நெனச்சோம்!"

எத்தனையோ ஊர்களில் பெட்டியைப் பறிகொடுத்திருக்கிறேன், வெள்ளத்தில் ஓட்டுக்கூரைமேல் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதில்லை.

டுவைட்தான் முதலில் அசைந்தான். மின்சாரம் போனால் உதவும் என்று அவன் எப்போதும் கொண்டுவரும் ஜெனரேட்டர் அவன் வண்டியின் பின்னால் இருந்தது. ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தான். காது அடைக்கிற சத்தம். அந்தச் சத்தத்தில் பேச்சு மூழ்கிவிடும் என்று நினைத்தான் பாவம்.

உள்ளே அத்தைக்குத் தங்கையின் குரல் கேட்காமல் போயிருக்க வேண்டும். அவள் ரேடியோப் பெட்டியின் திருகியைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினாள்.

இப்போது ஜோலீன் ஏரிக்கே பேசினாள்.

"பயமா? லாமரப் பாத்தா பயமா? அந்த மனுஷன் கரப்பான்பூச்சியக்கூடக் கையில புடிச்சு வெளிய விடுவாரேடி!"

அடுத்த வரிசையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் துண்டைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். நான் வண்டிக் கதவை நோக்கி ஓடித் தட்டினேன். ஜெனரேட்டர் இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை. கைப்பிடியைத் திருகப்போனபோது பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை விழுந்தது.

"விடு," என்றார் மாமா.

பிறகு டுவைட்டைப் பார்த்துக் கையால் கழுத்தை அறுப்பதுபோல் காட்டினார். டுவைட் புரியாமல் விழித்தான்.

"அத நிறுத்துடா! எனக்குக் கேக்கணும்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனைவி போனில் பேசுவதை ஊரோடு உட்கார்ந்து கேட்கிற ஆளா இவர்? அடுத்தவர் கடிதம் தவறி வந்தால் உறையைத் தொடாமல் அஞ்சல்காரரிடமே திருப்பித் தருகிறவர். ஜெனரேட்டர் நின்றது. மாமா ஒரு நாற்காலியை இழுத்து, வெளிச்சுவருக்கு நேராகப் போட்டு, உட்கார்ந்தார். டி.வி. பார்க்கிறவர் மாதிரி. இடுக்கி இன்னும் கையில் இருந்தது.

பிறகு நெடுநேரம் சுவர் ஒன்றும் சொல்லவில்லை. "ம்," என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "ம்". அத்தை உள்ளே ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அது மட்டும் எங்களுக்குக் கேட்கவில்லை. மாமா முன்னால் குனிந்தார். மூடிய சன்னலைப் பார்த்தார். கண்ணாடியில் மரம்தான் தெரிந்தது.

"ஆமா," என்றாள் ஜோலீன், குரல் தணிந்து. "யோசிச்சுப் பாத்தா... ஆமா. இத்தன வருஷத்துல முழுசா ஒரு நாள்கூட நீங்க ரெண்டு பேரும் தனியா இருந்ததில்லதான். ம்... நீ சொல்றது புரியுது. தெரியாத ஆம்பளையோட ஒரு பெட்டிக்குள்ள போய்ப் படுக்குற மாதிரின்னா... ம்... அழாத. வில்மா, அழாதடி."

ஆர்லி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், சாவு வீட்டில் செய்வதுபோல். பிறகு எழுந்து, தன் நாற்காலியை மடக்கி, ஓசைப்படாமல் நடந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். டுவைட் போகும்போது சாசேஜைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுப் போனான். கருகியிருந்தது. மாமா மட்டும் நகரவில்லை.

அத்தை சாலட் பாத்திரத்தோடு வெளியே வந்தபோது கண்ணைக் கழுவித் துடைத்திருந்தாள். காலி இடத்தைப் பார்த்தாள்.

"எங்க எல்லாரும்? பசிக்கலையா?"

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"ஜோலீன் சத்தம் நல்லாக் கேட்டுச்சு," என்றார்.

அத்தை அவரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். சுவரில் பதிந்திருந்த இரண்டு ஸ்பீக்கர் வட்டங்களையும் பார்த்தாள். பாத்திரத்தை மிகவும் மெதுவாக மேசைமேல் வைத்தாள், வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"எவ்வளவு கேட்டுச்சு?"

"மொதல்லேர்ந்து."

"எல்லாருக்குமா?"

"டுவைட் ஜெனரேட்டர் போட்டான். நாந்தான் நிறுத்தச் சொன்னேன்."

"நீயா?" என்றாள் அத்தை. "நீயா நிறுத்தச் சொன்ன? ஊரே கேக்கட்டும்னா? என்னைய அம்மணமா நடுத்தெருவுல நிக்க வச்சுட்டு, சேர் போட்டு உக்காந்து வேடிக்க பாத்தியா, லாமர்?"

"நீ இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்ல."

"நான் உன்கிட்டப் பேசல!"

"அதான் சொல்றேன்."

நான் நழுவப் பார்த்தேன். "நீ இரு," என்றாள் அவள் என்னிடம், என்னைப் பார்க்காமலே. தனியாக அவரோடு இருக்க அவளால் முடியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் வாழ்ந்த புருஷனோடு.

"ஜோலீன் சொன்னது அத்தனையும் கேட்டுச்சு," என்றார் மாமா. இடுக்கியைத் தரையில் வைத்தார். "நீ சொன்னது ஒண்ணுமே கேக்கல. நடுவுல அவ 'ம்', 'ம்'ன்னாளே, அப்ப என்ன சொல்லிக்கிட்டிருந்த?"

"அதுல உனக்கென்ன?"

"என்னப் பத்தித்தானே?"

அத்தை சிரித்தாள், அழுவது போல. "உன்னப் பத்தி என்னத்தச் சொல்றது? உனக்கு என்ன புடிக்கும்னுகூடத் தெரியாது எனக்கு. தட்டு காலியா இருக்கும், அவ்வளவுதான் தெரியும். நீ தூங்குறப்ப மூஞ்சி எப்புடி இருக்கும்னு தெரியும். முழிச்சிருக்கறப்ப ஒரு மத்தியானம் பூரா என்ன பண்ணுவேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. இந்த அகலத்துக்கு ஒரு பெட்டி, அதுக்குள்ள நீயும் நானும், தெனமும், விடிஞ்சா பொழுது சாஞ்சா. நெனச்சா வயித்தக் கலக்குது லாமர். போதுமா?"

மாமா தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டார்.

"வெளிய ஒரு டி.வி., கூடத்துல ஒண்ணு, படுக்குற எடத்துல ஒண்ணு, கணப்பு வேற," என்றார். "இவ்வளவும் எதுக்குக் கேட்டேன்னு நெனைக்குற?"

"ஆச. வேற என்ன?"

"எனக்கும் அதே வயித்தக் கலக்கல்தான். எங்க உக்காந்தாலும் பாக்குறதுக்கு ஏதாச்சும் இருக்கட்டும்னுதான் கேட்டேன். உன்னோட என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியாது வில்மா."

அத்தை பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, அடி விழுந்தவள் மாதிரி இருந்தாள். ஒருவரை ஒருவர் ஏதோ விபத்தில் சந்தித்த அந்நியர்களைப்போலப் பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை என்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை. நான் ஏரிப்பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் ஞாயிறு. அவர்கள் தேவாலயத்துக்கு வரவில்லை. எங்கள் ஊருக்கு அது ஸ்பீக்கரைவிடப் பெரிய அதிர்ச்சி. பிரசங்கத்தின் நடுவில்கூட அந்தக் காலிப் பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பி வந்தபோது வண்டிக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது. அசல் சண்டை, கத்தல். இந்த வீட்டில் நான் அதுவரை கேட்டிராத சத்தம்.

"பீட்ரூட் முட்டையப் புடிக்காதா? இத்தன வருஷம் வாராவாரம் சாறுல ஊற வச்சு உன் சாப்பாட்டுப் பெட்டியில வச்சேனே!"

"நீ வச்சியேன்னுதான் வாங்கிட்டுப் போனேன்."

"போயி?"

"ஆர்லிகிட்டக் குடுத்துருவேன்."

"ஆர்லிக்கா நான் முட்டை ஊற வச்சேன்!"

ஆர்லி அந்த நேரம் பார்த்து ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்ட ஓர் அடையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். கதவைத் தட்டக் கையைத் தூக்கியவர் கையை இறக்கிக்கொண்டார். "நல்ல முட்டை," என்று என்னிடம் மெல்லச் சொன்னார். "இனிமே கெடைக்காது போல." அடையைப் படியில் வைத்துவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

அன்றைக்கு முழுக்க டி.வி. மூன்றும் கறுப்பாகவே இருந்தன. அணைத்து வைக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவ்வப்போது கத்தல் வரும், பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இருக்காது. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. இதோ முடிந்துவிட்டது, இனி இவர்களுக்குள் ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். மறுபடி குரல் கேட்கும்.

திங்கட்கிழமை மதியத்துக்குச் சற்றுமுன் மாமாவின் போன் அடித்தது. தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து மார்லா என்ற பெண். நாங்கள் மூவரும் வெளியே சாப்பாட்டு மேசையில் இருந்தோம்.

"லாமர், என்ன வேணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? பசங்க காத்துக்கிட்டு இருக்காங்க. டி.வி. எத்தன?"

மாமா போனைக் கையால் மூடினார். "என்ன சொல்ல?"

"எனக்குத் தெரியல," என்றாள் அத்தை.

"டி.வி.யப் பத்தித் தெரியலையா, வண்டியப் பத்தியா?"

"எதப் பத்தியும் தெரியல. நேத்துதான் உன்னத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. அதுல பாதி எனக்குப் புடிக்கல."

"எனக்கும் பாதிதான்," என்றார் மாமா. போனைக் காதில் வைத்தார். ஒருநாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போகாத, ஓடிக்கொண்டிருக்கும் வரிசையை ஒருமுறைகூட நிறுத்தாத மனிதர் சொன்னார்: "மார்லா, எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் தெரியல. எடத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துடு."

"லாமர்! அப்புறம் கெடைக்காதே. அந்த வண்டியே இனி கெடையாது."

"தெரியும்மா. பசங்ககிட்ட நான் வந்து சொல்றேன்."

போனை மடக்கினார். அத்தை வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நான் அதச் சொல்லச் சொல்லலையே!"

"நீ சொல்லல."

"பசங்க செவுத்துல பேரு எழுதணும்னு இருந்தாங்க. நீ அத எவ்வளவு வருஷமா..."

"தெரியும்."

மாமா முகத்தைத் திருப்பி ஏரியைப் பார்த்தார். அவர் விளையாட்டாக அதை விடவில்லை. பதினெட்டு வயதிலிருந்து ஓடியதற்கு அவர் எதிர்பார்த்த ஒரே பரிசு அதுதான். அதை இரண்டு வாக்கியத்தில் விட்டுக்கொடுத்துவிட்டார்.

அத்தை அவர் தோளைத் தொடவில்லை. தொடலாமா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை போல. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஷிப்ட் இருக்கு," என்றாள்.

"தெரியும். சுவரு சொல்லுச்சு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வீட்டுவண்டியை இழுத்துவந்த பிக்கப் லாரியின் சாவியை எடுத்தார். "நான் கொண்டுபோய் விடறேன்."

"நீயா? எதுக்கு?"

"எனக்கு மத்தியானத்துல வேற வேல இல்ல."

அத்தை சீருடையை மாட்டிக்கொண்டு வந்தாள். மாமா அவளை ஓரிரு கணம் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த உடையில் அவளை விழித்த கண்ணோடு பார்த்திருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். லாரியில் ஏறினார்கள். அவர் எஞ்சினைக் கிளப்பினார், ஆனால் லாரி நகரவில்லை. சன்னல் திறந்திருந்தது.

"என்ன?" என்றாள் அத்தை. "வழி தெரியாதா? ஊருக்கே அந்தக் கட்டடம் தெரியும்."

"கட்டடம் தெரியும்," என்றார் மாமா. "நீ எந்த வாசல் வழியா உள்ள போவேன்னு தெரியாது."

அத்தை அவரையே பார்த்தாள். பிறகு இருக்கை வாரை இழுத்து மாட்டினாள்.

"பின்பக்கம்," என்றாள். "பச்சக் கதவு. போ, காட்டுறேன்."